மாமா சார்ஜ் போடாத பேட்டரி

எங்கள் வீட்டில் செத்ததற்கெல்லாம் உயிர் கொடுக்கிற ஆள் ஒருவர் இருந்தார். அம்மாவின் தம்பி. பகலில் ஓசூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுவார். மாலையில், மெக்கானிக் கடைக்காரர்கள் தூக்கிப் போட்ட மோட்டார் சைக்கிள் பேட்டரிகளைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வருவார். கொல்லையில் வரிசையாக உட்கார வைத்து, மூடியைத் திறந்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பார்ப்பார். பல் டாக்டர் தோற்றார்.

எனக்கு அந்த வித்தையில் எல்லாமே குழப்பம். நிறைந்த பேட்டரியும் காலிப் பேட்டரியும் ஒரே கனம்தான் கனத்தன. அப்படியானால் ராத்திரியெல்லாம் உள்ளே ஏறிய கரண்ட் எங்கே போய் ஒளிந்துகொண்டது? கேட்டால், "மெதுவா ஏத்துனாத்தான்டா நிக்கும். அவசரப்பட்டா பிளேட்டு வளைஞ்சுரும்" என்பார். இதைப் படிப்புக்குப் பொருத்திப் பார்த்து, மிகமிக மெதுவாகப் படித்தேன். நிற்கவில்லை.

மாமாவுக்குப் பாகலூரில் பெண் பேசினார்கள். பெண்ணைப் பெற்றவர் புளி வியாபாரி. "மாப்பிள்ளை குப்பை பொறுக்குறாராமே" என்று தரகரிடம் கேட்டாராம். வீட்டை வந்து பார்த்த பிறகுதான் பதில் என்றும் சொல்லிவிட்டார். இதே குப்பைப் பேச்சில் முன்பும் ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது.

"அந்த டப்பாவையெல்லாம் காயலாங்கடையில போட்டுரு மச்சான்" என்றார் என் அத்தா.

மாமா கேட்கவில்லை. எங்கள் தெருவில் பொழுது சாய்ந்ததும் கரண்ட் போகும். பெண் வீட்டார் வருவதும் அந்த நேரத்துக்குத்தான். தெருவே இருண்டு கிடக்கையில் எங்கள் கூடத்தில் மட்டும் விளக்கு எரிந்தால் வியாபாரி வாயை மூடிக்கொள்வார் என்பது மாமாவின் கணக்கு. இருந்ததில் தேறிய ஒன்றைப் பொறுக்கியெடுத்து, கழுவி, ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். அவர்கள் வருவதற்கு முதல்நாள் அதன் பக்கத்தில் குந்தியபடி, "இதுவும் மூச்சு வாங்குதுக்கா. நாளைக்குத் தாங்குமான்னு தெரியல" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "தண்ணி கிண்ணி ஊத்திப் பாரேன்."

"கண்ட தண்ணிய ஊத்தக் கூடாதுக்கா. நம்ம போர் தண்ணி பட்டுச்சுன்னா அதோட முடிஞ்சுது."

மறுநாள் புளி வியாபாரி சமோசாவைக் கையில் எடுத்த நேரத்தில் கரண்ட் போனது. மாமா ஒயரை மாட்டினார். பல்ப் எரிந்தது. "பரவால்லியே" என்றார் வியாபாரி. மாமாவின் முகத்தில் பல்பைவிட வெளிச்சம். அந்தச் சமோசா வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் பல்ப் மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் பீடி நுனி மாதிரி ஒரு புள்ளியாகி அணைந்தது.

"ஆய்த்தா?" என்று இருட்டிலிருந்து கன்னடத்தில் ஒரு குரல். ‘முடிஞ்சுதா’ என்று அர்த்தம். நான் சிரித்துவிட்டேன். யாரோ தொடையில் கிள்ளினார்கள். கிள்ளியது யார் என்று இன்றுவரை தெரியாது.

மாமா டார்ச்சை எடுத்து மூடிகளைத் திறந்தார். கழுத்துவரை தண்ணீர் ததும்பி நின்றது.

"யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருட்டிலும் அது தெரிந்தது. நான் அதைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் "நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தபோது, அம்மா முந்திக்கொண்டாள்.

"நான்தான் ஊத்துனேன். ஜம்ஜம்."

ஹஜ்ஜுக்குப் போன நன்னா, அம்மாவைப் பெற்றவர், மக்காவிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் அது. உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் விடுவதற்கென்று எங்கள் வீடுகளில் பத்திரப்படுத்துவார்கள். நன்னாவுக்கு விட்டதுபோக மிச்சத்தை அம்மா தன் கடைசி நேரத்துக்கென்று ஒரு சின்ன பாட்டிலில் பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தாள். எனக்கு டைபாய்டு கண்டபோதுகூட அதிலிருந்து ஒரு மூடி கிடைக்கவில்லை.

"மூச்சு வாங்குதுன்னானே" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே.

மாமா மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வியாபாரி, "பாட்டில்ல மிச்சம் எதுனா வெச்சிருக்கியாம்மா?" என்றார்.

"இல்லீங்கண்ணே. மொத்தத்தையும் ஊத்திட்டேன்."

அவர் இன்னொரு டீ கேட்டு வாங்கி, இருட்டிலேயே குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "தேதி பாத்துச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தலை சுற்றியது. விளக்கு எரிந்தால்தானே ஜெயிப்பதாகப் பேச்சு?

கல்யாணத்துக்கு முன்பே மற்ற பேட்டரிகளெல்லாம் காயலாங்கடைக்குப் போயின. அது ஒன்றை மட்டும் மாமா துடைத்துப் பரணில் வைத்தார். எந்தச் செத்த பேட்டரியையும் விடாதவர், அதை மட்டும் திறக்கவில்லை, சார்ஜும் போடவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் காரணம் கேட்டேன்.

"அதுக்கென்னடா, நல்லாத்தான இருக்குது" என்றார்.

அவர் வேலைக்குப் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, ஒயரை மாட்டிப் பார்த்தேன். பல்பில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கல்யாணமானால் ஆம்பளைகளுக்குப் பேட்டரி சம்பந்தப்பட்ட அறிவு போய்விடும் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தேன்.