பாட்டுக்கு லைசன்ஸ் இருக்கு

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த சிந்துஜா, கண்டியில் ஓர் அச்சகத்தில் போஸ்டர் வடிவமைக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான அவளுடைய லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் மண்சரிவில் உடைந்து மாதக்கணக்காகியும் தோட்ட ஆபீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கொழுந்து பறித்துக் களைத்து வரும் பெண்கள், பள்ளத்தில் ஊற்று நீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக் குடத்தோடு ஏறினார்கள்.

சிந்துஜா அதைப் போனில் படமெடுத்தாள். அச்சக வேலைக்குப் பழகிய இணைய டிசைன் தளத்திலேயே வெட்டிச் சேர்த்து, அங்கிருந்த புல்லாங்குழல் இசை ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டாள். பலரும் பகிர்ந்தார்கள். அந்த வாரமே வீடியோ ஊமையாகிவிட்டது. இசைக்கு வேறொருவர் உரிமை கோருகிறார் என்று அறிவிப்பு வந்தது.

தோட்டத் தலைவர் கறுப்பையா வீட்டுக்கே வந்துவிட்டார். தொழிலாளர் சங்கத்துக்காரர், அவள் அப்பாவோடு வளர்ந்தவர். பாட்டைத் திருடிப் போட்ட பிள்ளை மேல் பொலிஸில் முறையிடப் போவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை அவரைக் கூப்பிட்டுச் சொன்னாராம். வீடியோவை அழித்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார்.

"அழிக்க மாட்டேன் மாமா. நான் திருடல. பாட்டுக்கு லைசன்ஸ் இருக்கு."

அவருக்கு விளங்கும்படி சொன்னாள். அந்த டிசைன் தளத்தில் எல்லாப் பாட்டும் ஒன்றல்ல. பேர்போன பாட்டுகளைச் சொந்த ஆசைக்கு மட்டும் போடலாம், விளம்பரத்துக்கு ஆகாது. அவள் எடுத்த இசை வேறு வகை. அவளைப் போல் சந்தா கட்டியவர்கள் வீடியோவோடு சேர்த்து வெளியிடலாம், இசையை மட்டும் தனியே பிரித்தெடுக்கக் கூடாது. ஒரு லைசன்ஸ் ஒரு வீடியோவுக்குத்தான், அடுத்ததற்கு வேறு எடுக்க வேண்டும். ஊமையாக்கியது ஓர் இயந்திரம். அதற்கு மெட்டை அடையாளம் தெரியும், யாருக்கு அனுமதி இருக்கிறது என்று தெரியாது.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். துரை கேப்பாரா?"

"கேக்காட்டிப் போறாரு."

வீடியோவை ஊமையாக்கிய வலைத்தளத்துக்கு லைசன்ஸ் விவரத்தோடு மறுப்பு அனுப்பினாள். பதில் வரவில்லை. அது வரும்வரை வாயை மூடியிருக்க அவளுக்கு மனமில்லை. ஞாயிறன்று மறுபடி பீலிக்கு இறங்கினாள். இந்த முறை இசையே இல்லை. குடம் நிறையும் சத்தமும் பெண்களின் பேச்சும் மட்டும். பக்கத்து லயத்து ரத்தினம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு நேராகப் போனைப் பார்த்தாள்.

"தண்ணி வர்ற வரைக்கும் பேசுவோம். எங்க குரலுக்கு யாரு லைசன்ஸ் கேப்பா?"

முதல் வீடியோவைவிட இது அதிகம் பரவியது. பிறகு உரிமைக் கோரிக்கை கைவிடப்பட்டு, முதல் வீடியோவுக்கும் சத்தம் திரும்பியது. பொலிஸ் வரவேயில்லை. ஆபீஸ் சிந்துஜா இருந்த மேல் லயத்துக்குக் குழாய் போட்டது, அதே மண்சரிவில் உடைந்த கீழ் லயத்துக் குழாயை அப்படியே விட்டது.

கறுப்பையா ஒரு மாலை மறுபடி வந்து, கீழ் லயத்தையும் படமெடுப்பாயா என்று கேட்டார். எடுக்கிறேன், ஆனால் தலைவர்தான் பேச வேண்டும் என்றாள் சிந்துஜா. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கீழ் லயத்தின் உடைந்த குழாயின் பக்கத்தில் போய் நின்றார்.