நியாலாஸ் ஆற்றங்கரையில் ஒரு புரட்டாசிச் சனி

காலை ஏழு மணிக்கு மலாக்கா சென்ட்ரலில் பேருந்து ஏறினேன். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கடந்து ஜாசினில் இறங்கியபோது, ஸ்டெல்லா அக்கா தம் சிறிய லாரியுடன் காத்திருந்தார். அவருடைய தம்பிகள் இருவரும் பின்னால் அமர்ந்திருந்தனர். நியாலாஸ் பக்கத்து ஆற்றில் நடக்கும் மீன் வேட்டையைக் காண்பதே என் பயண நோக்கம். ஆனால் அது உண்பதற்கான வேட்டை அல்ல.

வீட்டுத் தொட்டியின் பாசியைத் தின்று துப்புரவு செய்வதால் நம் நாட்டில் 'பண்டாராயா மீன்', அதாவது மாநகராட்சி மீன், என்று பெயர் பெற்ற தென்னமெரிக்க மீன் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததும், கொல்ல மனமின்றி நம்மவர் அதை ஆற்றில் விட்டனர். இன்று அது ஆற்றையே ஆள்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது. நம் ஆற்று மீன்களான விராலும் லம்பாமும் அருகிவிட்டன. அக்கா அம்மீனைக் கிலோ ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி, அரைத்துப் புளிக்கவைத்து உரமாக விற்கிறார். நம் மீன்களைக் காக்க இதனினும் நடைமுறைக்கு உகந்த வழியை எவரேனும் காட்டினால், எந்த மேடையிலும் மறுத்துப் பேச நான் ஆயத்தம்.

செம்பனை வரிசைகளுக்கிடையே லாரி குலுங்கியது.

"இன்னிக்கு லாரி நிறையணும்மா," என்றார் அக்கா. "மிளகாத் தோட்டத்துக்காரரு மாசாமாசம் எடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. முதல் ஆர்டரே குறைஞ்சா கெமிக்கல் உரத்துக்குப் போயிருவாரு லா. அப்புறம் இந்த ஆத்துல எவன் வலை போடுவான்?"

ஒன்பது மணிக்குக் கரையை அடைந்தோம். வலை நனையாமல் கிடந்தது. வேட்டைக் குழுவின் தலைவர் குணா அண்ணன், நெற்றியில் நாமத்துடன் மர நிழலில் தம் ஆட்களோடு அமர்ந்திருந்தார்.

"புரட்டாசி சனி, ஸ்டெல்லா. உசுர எடுக்க மாட்டோம்."

"போன வாரம் சரின்னீங்களே அண்ணே?"

"வெளிநாட்டு மீனுதானே, விரதத்துல சேராதுன்னு நெனச்சேன். வீட்டுல விடல."

அருகில் அமர்ந்திருந்த அவர் மனைவி லெட்சுமி அக்கா குறுக்கிட்டார். "மீனோட பாஸ்போட்ட பாத்தா பெருமாள் பாவம் எழுதுறாரு?"

நான் எழுந்தேன். ஒரு மீனின் சாவு ஓர் ஆற்றின் வாழ்வாகும் எனில் அக்கொலையும் அறமே என்று, ஏற்ற இறக்கத்தோடு எடுத்துரைத்தேன்.

"நல்லாப் பேசுற தங்கச்சி. பேச்சுப் போட்டியா இருந்தா கப்பு குடுத்தே அனுப்பலாம்," என்றார் குணா அண்ணன். "ஆனா அந்த மீன தொட மாட்டேன்."

எல்லாரும் சிரித்தனர். எடுபடாத வாதத்தைக் கைவிடுவதும் பேச்சுக்கலைதான். லெட்சுமி அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"வலையில விரால் மாட்டுனா என்ன செய்வீங்கக்கா?"

"ஆத்துல விட்டுருவோம்."

"இன்னிக்கும் விடலாமா?"

"உசுர விடுறது புண்ணியம் லா."

"அப்ப அத மட்டும் நீங்க செய்யுங்க. பண்டாராயா மீன ஸ்டெல்லா அக்கா தம்பிங்க எடுக்கட்டும், அவங்களுக்கு விரதம் இல்லையே."

"வலைய யாரு இழுக்கிறது? ரெண்டு பேரு பத்தாது," என்றார் குணா அண்ணன்.

லெட்சுமி அக்கா கைலியை இழுத்துச் செருகிக்கொண்டார். "நாம இழுக்காட்டி விரால எப்படி விடுறது? வாங்க."

ஒருவர் மட்டும் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். மற்றவர் ஆற்றில் இறங்கினர். கருத்த, முள்தோல் போர்த்த மீன்களோடு வலை கரையேறியது. அக்காவின் தம்பிகள் அவற்றைக் கூடைகளில் அள்ளினர். காலையில் திருமண் இட்டு வந்திருந்த நானும் விரதக்காரர் வரிசையில் நின்று, துள்ளும் விராலையும் வெள்ளி லம்பாமையும் நீரில் விட்டேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு லாரி நிறைந்தது. ஸ்டெல்லா அக்கா தோட்டத்துக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, "மாசாமாசம் தர்றேன் சார்," என்றார்.

"ஐப்பசியில நாங்களே எல்லாத்தையும் பாத்துக்கிறோம்," என்றார் குணா அண்ணன்.

"விடுற வேலை என்னோடது," என்றார் லெட்சுமி அக்கா. "அத யாருக்கும் தர மாட்டேன்."

திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மையார் என் நெற்றித் திருமண்ணையும், மீன் வாடை வீசிய என் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புரட்டாசியில என்னம்மா இது?"

ஜாசின் நிலையம் அப்போதுதான் பின்னால் மறைந்திருந்தது. மலாக்கா போய்ச் சேரும்வரை நேரம் இருந்தது. நான் அவர் பக்கம் திரும்பி அமர்ந்து, பேசத் தொடங்கினேன்.