கடைசி நாலு அங்குலம்

19 செப்டம்பர் 2024, வியாழன்

முதலில் என் தவறு. எண்ணெய்க்கான ரப்பர் வளையத்தை, கார் ஜன்னலை ஏற்றும், பிரேக் திரவம் ஓடும் சிலிண்டரில் போட்டுவிட்டேன். அது ஊறிப் பெருத்தது. செவ்வாயன்றே மாற்றிவிட்டேன். இதையே ஒளிக்காதவன் மற்றதில் ஏன் பொய் சொல்லப் போகிறேன்? நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விஜயநகரில் மாலை நேர மெக்கானிக் வகுப்பு. வேலைக்கு வந்தது செலுவநாராயணன் சாரின் 1949 கார். ஸ்விட்சை அழுத்தினால் திரவ அழுத்தம் ஜன்னல் கண்ணாடியை மேலே தள்ளும். ஸ்பிரிங் கீழே இழுக்கும். பழைய பாகங்கள் கிடைக்காததால் மாற்றுப் பாகங்கள் போட்டேன். கூடவே அழுத்தத்தைக் குறைக்க ஒவ்வொரு கதவிலும் ஒரு வால்வு. வால்வு இல்லாதபோது கண்ணாடி ஒரு வெள்ளரிக்காயை இரண்டாக நறுக்கியது. வால்வு போட்டதும் காயைத் தொட்டு நின்றது.

சாருக்கு அது பிடிக்கவில்லை.

"கழட்டிடுப்பா. ஒரிஜினல்ல இல்லாத சாமான் எதுக்கு? ஞாயித்துக்கெழமை பழைய கார் ஊர்வலத்துல மார்க் கொறைச்சுடுவா."

"பின் சீட்டுல உங்க பேத்தி ஸஞ்சனா உக்காரும்னீங்களே சார்."

"அவ என்ன வெள்ளரிக்காயா?"

சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேற்று, புதன், மாலை 7.12. இடது பின் கண்ணாடி தானாக ஏறியது. ஸ்ஸ்ஸ்... மூட நாலு அங்குலம் இருக்கும்போது நின்றது.

"மறுபடியும் எந்த வளையத்தப் போட்டே, மகேந்திரா?" என்றார் ஆசிரியை சுசித்ரா மேடம். வகுப்பே சிரித்தது. நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

இன்று பம்பைக் கழற்றினேன். திரவம் முழுவதையும் வடித்தேன். பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தேன். கண்ணாடி கதவுக்குள் முழுசாக இறங்கியிருந்தது. அருகில் மேடமும் சாரும் மட்டும்.

7.12.

ஸ்ஸ்ஸ்...

காலிக் குழாயில்.

கண்ணாடி ஏறியது. ஸ்பிரிங் முனகியது.

நாலு அங்குலம். நின்றது.

இடைவெளியில் ஒன்றுமில்லை. அளவுகோலை நுழைத்தேன். போகவில்லை... எதிலோ முட்டியது.

மெத்தென்று.

சார் கண்ணாடியைப் பார்க்கவில்லை. டிரைவர் பக்க ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளையாட்டுக்குத்தான் அழுத்தினேன்" என்றார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. "எனக்கு எட்டு வயசு. என் தங்கை வத்ஸலா பின்னாடி தலைய வெளில நீட்டிண்டு இருந்தா..."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரிஞ்சுமா வால்வக் கழட்டச் சொன்னீங்க?" கத்திவிட்டேன். பெரியவர் என்றும் பார்க்கவில்லை. "அதே சீட்டுல பேத்திய உக்கார வெக்கவா?"

"அன்னிலேர்ந்து அது ஏறினதே இல்லைப்பா. அறுபத்திமூணு வருஷம். நீதான் சரி பண்ணினே."

"அது நடந்தப்ப மணி என்ன?"

சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

7.20க்குக் கண்ணாடி மெதுவாக இறங்கியது.

நாளை: 5.30க்கு, வெளிச்சம் இருக்கும்போதே, இடது பின் சிலிண்டரையும் கண்ணாடியையும் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். மற்ற மூன்று கதவுகளுக்கும் வால்வு இருக்கும். கழற்ற மாட்டேன்.