பேரித் தோட்டத்தில் வாதி ஆஜர்

உனக்கு வேறு சோலியே இல்லையா? செத்த மனுஷன் கேஸுக்கு வந்த கதை உனக்கு எதற்கு? கேட்டுவிட்டு அப்புறம் தனியாகக் கொல்லைப்பக்கம் போக மாட்டேன் என்றால் நான் துணைக்கு வரமாட்டேன். சரி, வாயை மூடிக்கொண்டு கேள்.

அறுபதாம் வருஷத்தை ஒட்டி, பெருமாள்மலைக்குக் கீழே எங்கள் பேரித் தோட்டத்தில் நடந்தது. தோட்டம் மாமனார் சொத்து. அவர் போனதும் என் வீட்டுக்காரரின் அண்ணன் மொத்தமும் தனக்குத்தான் என்றார். என் வீட்டுக்காரர் பாதி கேட்டு வழக்குப் போட்டார். அவர் பேர் என்ன என்று கேட்காதே. எங்கள் காலத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். தபால்காரர் கேட்டால்கூட என் மூத்த மகள்தான் ஓடிவந்து சொல்ல வேண்டும்.

வழக்கு நடக்கும்போதே காய்ச்சல் வந்து, நாலே நாளில் அவர் போய்விட்டார். ஆளே போன பிறகு கேஸ் எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்தேன். வக்கீலுக்குத் தகவல் சொல்லக்கூடத் தோன்றவில்லை. பிறகுதான் தெரிந்தது, கேஸ் உடனே சாகாதாம். மூன்று மாதத்துக்குள் வாரிசு பேரைக் கோர்ட்டில் சேர்த்தால் பிழைக்குமாம். விட்டுவிட்டால்தான் சாகுமாம். அண்ணன்காரருக்கு இது தெரியும். துக்கத்துக்கு வந்தார், வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அழுதார், இதை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அந்தத் தோட்டத்துக் குடிசையை விட்டால் வேறு இடம் கிடையாது.

இரண்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் மேகம் இறங்கினால் கைநீட்டும் தூரத்தில் இருப்பவர்கூடத் தெரிய மாட்டார். அதனால் கூட வேலை செய்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் "ஓ... இந்தா நிக்கேன்" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் கூப்பிட்டவர் தேடிப் போக வேண்டும். அண்ணனும் தம்பியும் வரப்புக்கு அடித்துக்கொண்ட நாளில்கூட இதை விட்டதில்லை. இன்னொரு வழக்கம் என்னுடையது. யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவேன். ஒருமுறை என் வீட்டுக்காரர் குரலில் பதில் கொடுத்து, இங்கே வாண்ணே என்றும் சொல்லி, அண்ணன்காரரை மேல் தோட்டம் வரை மூச்சு வாங்க ஏற வைத்திருக்கிறேன்.

தோட்டத்தைப் பார்த்து அளக்கக் கோர்ட்டு ஒரு கமிஷன் வக்கீலை அனுப்பியது. கூட ஒரு குமாஸ்தா. அவர்கள் வெள்ளனே வந்தும், அளவுச் சங்கிலியைப் பிரிப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது. தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்றோம். குமாஸ்தா காகிதத்தைப் பார்த்து அண்ணன்காரர் பேரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றார் அவர்.

அடுத்தது என் வீட்டுக்காரர் பேர். கோர்ட்டுக்கு அவர் செத்ததே தெரியாதே! ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாம் தடவை சத்தமாக. அண்ணன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் வாய் நிறைய வெற்றிலை. துப்பத் திரும்பினேன்.

கீழே, பேரி மரங்களுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"ஓ... இந்தா நிக்கேம்ணே!"

குமாஸ்தா 'வாதி ஆஜர்' என்று எழுதினார். "ஆளை வெரசா மேல வரச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன்காரர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். என் கன்னம் வெற்றிலையோடு உப்பியிருந்தது. எச்சிலைக்கூட விழுங்கவில்லை நான். அவர் மேகத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏலே... தம்பி?"

இந்தத் தடவை பதில் இல்லை. கால் பழக்கமோ என்னவோ, தேடிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். நெடுநேரம் கழித்து ஏறி வந்தபோது முழங்கால் இரண்டிலும் சேறு.

"சார், எந்தம்பி செத்து இன்னையோட எம்பத்தொரு நாளு. இந்தா நிக்கிற அவம் பொண்டாட்டிதான் வாரிசு. அது பேரை எழுதிக்கங்க. பாதிய அளந்து விட்ருங்க. எனக்கு வழக்கு வேணாம்."

எனக்கே அத்தனை கணக்காக நாள் தெரியாது. அவர் எண்ணி வைத்திருக்கிறார்.

"இன்னும் ஒம்பது நாள்தாம்மா இருக்கு, உடனே உங்க வக்கீலைப் பாருங்க" என்றார் கமிஷன் வக்கீல். குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "அப்ப பதில் சொன்னது யாருங்க?" என்று கேட்டார். பிறகு அவரே 'ஆஜர்' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தார்.

என் பேர் கேஸில் ஏறியது. சமாதானமாகப் போகிறோம் என்ற ராஜி மனுவில் அண்ணன்காரர் கையெழுத்துப் போட்டார், நான் பெருவிரல் வைத்தேன். பாதித் தோட்டம் எனக்கு வந்தது.

ஆனால் பேரிக்காய் பறிக்க ஒருத்தியும் வரவில்லை. பயம். பழுத்து உதிர ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அட போங்கடி, அன்னைக்குக் குரல் குடுத்தது நாந்தான்!" எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளே கூடையோடு வந்தார்கள். அண்ணன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் கன்னத்தைப் பார்த்தவர் அல்லவா?

அதில் ஒருத்தி விடவில்லை. "அப்ப அவுக பேரைச் சொல்லிக் கூப்புட்டு, அதே மாதிரி பதிலும் சொல்லிக் காட்டுக்கா!"

"புருசன் பேரைச் சொல்றவளாடி நானு?" என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. மரியாதைக்காக மட்டும் இல்லை. கூப்பிட்டுப் பதில் வந்தால் பயம், வராவிட்டாலோ, எங்கள் மலை வழக்கப்படி நான் அல்லவா தேடிப் போக வேண்டும்.