மூன்று இடுப்புக்கு ஒரு பெல்ட்

"காலு வருது அப்பு, காலு! தாயி, காலு வருது பாத்துக்க!"

காலை ஆறரை மணிக்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது இந்தக் குரலைத்தான். ஆள் பிறகுதான் தெரிவார். தலையில் ஒரு மல்லிகைக் கூடை, அதன்மேல் இன்னொன்று, அவற்றுக்குக் கீழே ஆறடிக்குச் சடையாண்டி. சாக்கை விரித்துப் பூவைக் குவித்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே, ஒவ்வோர் அடியையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். சுமை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்துவது எல்லா ஊரிலும் உண்டு. வழி கேட்காமல், தன் கால் வரப்போகிறது என்று ஊருக்கு அறிவிக்கிற மனிதர் இவர் ஒருவர்தான்.

வயது நாற்பத்தெட்டு என்கிறார். சாக்கு விரித்துச் சம்பங்கி விற்கும் சிவனம்மாள் அதை நம்பவில்லை. "நான் பாவாடை கட்டுன காலத்துலேயே இவரு இம்புட்டுப் பெருசாத்தான் இருந்தாரு" என்கிறாள். கழுத்தும் தலையும் ஒரே அகலம். வலது காது மடங்கி, கசக்கிப் போட்ட காகிதம் போல ஒட்டிக் கிடக்கிறது. எந்தத் தையற்காரர் தைத்த சட்டைக்கும் கழுத்துப் பொத்தான் எட்டியதில்லை. இத்தனை பெரிய உடம்புக்குள்ளிருந்து வருகிற குரலோ, கால் அறிவிப்பு நீங்கலாக, பக்கத்தில் குழந்தை தூங்குவது போல மெல்லியது. மொட்டு ஒன்றை விரலால் ஒருமுறை உருட்டிப் பார்த்து, "இது சேவுகம்பட்டிப் பூவு, மத்தியானம் விரியும், இது கன்னிவாடி, செத்த நேரத்துல விரிஞ்சிரும்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பஸ்ஸில் ஏறினால் உட்கார மாட்டார். எதிர் இருக்கைக்காரர் மேல் கால் பட்டுவிடுமாம். கடைசிப் படியோரம் ஒதுங்கி, இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு பழனி வரைக்கும் நின்றே போன மனிதர். "யோவ், உம்ம காலு என்ன கருநாகமா?" என்று மார்க்கெட்டே கேலி செய்யும். சிரிப்பார்.

சடையாண்டி ஒரு காலத்தில் சாம்பியன். முழு சாம்பியன் அல்ல, மூன்றில் ஒரு பங்கு.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். பொருட்காட்சிக் கண்டிராக்டர் மொக்கைச்சாமி எங்கேயோ வெளியூரில் பார்த்துவிட்டு வந்து, மலைக்கோட்டைக்குக் கீழே மைதானத்தில் கோதா போட்டு 'மூவர் குஸ்தி' என்று நோட்டீஸ் அடித்தார். ஒருவரோடு ஒருவர் மோதுவதைப் பார்த்துச் சலித்துப்போன ஊருக்கு இது புதிது. ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். கோதாவுக்குள் ஒருவர்தான் நிற்கலாம். மற்ற இருவரும் கயிற்றுக்கு வெளியே. உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டினால் வெளியே இருப்பவரின் கையைத் தொட வேண்டும். தொட்டால் ஆள் மாறிவிடும். ஜனங்கள் உடனே அதற்கு 'கை மாத்து' என்று பேர் வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவன் கொஞ்சம் திணறினால் போதும், மைதானமே எழுந்து நின்று "கை மாத்து! கை மாத்து!" என்று அலறும். அடடா, அந்தக் கூச்சலைக் கேட்டவர்களுக்கு இப்போது வேறெந்தக் கூச்சலும் கூச்சலாகவே படுவதில்லை!

ஜெயித்தவர்களுக்கு ஒரு பெல்ட். இங்கேதான் கண்டிராக்டருடைய மூளை வேலை செய்தது. மூன்று பேருக்கு மூன்று பெல்ட் செய்யாமல், பதினோரு அடி நீளத்துக்கு ஒரே பெல்ட் செய்யச் சொன்னார். பேகம்பூர்த் தோல், பூட்டுப் பட்டறையில் அடித்த பித்தளை வில்லைகள். மூன்று பயில்வான்களும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றால்தான் அது சுற்றி வந்து கொக்கி மாட்டும். ஒருவன் வராவிட்டால் தொளதொளவென்று தரையில் விழுந்துவிடும். கட்டிய கோலத்தில் மூன்று பேரும் நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து கோதாவைச் சுற்றி வருவார்கள். வயிறு வலிக்கச் சிரித்த கூட்டம் அப்படியே கண்ணையும் துடைத்துக்கொள்ளும்.

முதல் வருஷம் மதுரைக்காரர்கள் கட்டினார்கள், அடுத்த வருஷம் சேலத்துக்காரர்கள். ஐம்பத்தேழில் பெல்ட் உள்ளூருக்கு வந்தது. பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கும் கண்ணுசாமி, தோல் ஷாப்பில் வேலை பார்த்த முனீர், சுமை தூக்கும் சடையாண்டி. இரண்டு வருஷத்தில் வெளியூர்க்காரர்கள் ஒன்பது முறை வந்து மோதியும் ஒருவராலும் அதை அவிழ்க்க முடியவில்லை. சடையாண்டியும் முனீரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து எழுந்த சிநேகம். யார் மாமன், யார் மச்சான் என்று ஒருநாளும் தீர்மானமாகவில்லை.

அந்தக் குஸ்தியெல்லாம் நிஜமா, முன்கூட்டியே பேசி வைத்ததா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. "அடி நிஜம் அப்பு. ஜெயிப்பு சில நாள் பேசுனது" என்பார் சடையாண்டி, ஒளிவுமறைவில்லாமல். "ஆனா பெல்ட்டுக் குஸ்தியை மட்டும் யாரு வந்து கேட்டாலும் பேசக் கூடாதுன்னு நாங்க மூணு பேரும் சத்தியம் பண்ணியிருந்தோம்."

ஐம்பத்தொன்பது மாசி மாதம். பொள்ளாச்சி மூவர் வந்திருந்தார்கள். முனீரைத் தூக்கி எறிந்ததில் அவருக்கு முழங்கால் பிசகி, கயிற்றுக்கு வெளியே கோதாவின் பலகைத் தரை ஓரத்தில் குப்புறக் கிடந்தார். அதற்குள் கை மாற்றிக்கொண்டு சடையாண்டி உள்ளே வந்திருந்தார். எதிராளியின் கழுத்து இவர் கக்கத்துக்குள். இன்னும் நாலு மூச்சு, அவ்வளவுதான், அவன் முதுகு பலகையில் பட்டிருக்கும். பிடியை இறுக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தார். குதிகால் மெத்தென்று எதன்மேலோ பட்டது. கயிற்றுக்குக் கீழே நீண்டு கிடந்த முனீருடைய கை.

கால் பட்டுவிட்டது! மனிதர் மேல் கால் பட்டால் நம் ஊரில் பிறந்தவன் என்ன செய்வான்? சடையாண்டியும் அதைத்தான் செய்தார். பிடியிலிருந்து வலது கையை எடுத்து, குனிந்து, முனீருடைய கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யோசித்துச் செய்ததல்ல, நடக்கப் பழகியபோதே பெற்றவள் பழக்கியது.

விசில் ஊதிவிட்டது. பின்பக்கம் நின்ற நடுவருக்குத் தெரிந்ததெல்லாம் கை போய்க் கையைத் தொட்டது மட்டுந்தான். "கை மாறியாச்சு! சடையாண்டி வெளியே, முனீர் உள்ளே!" இவர் தலையில் அடித்துக்கொண்டு கத்தியது அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது? முனீர் ஊர்ந்து உள்ளே வந்தார். பொள்ளாச்சிக்காரன் அந்தக் காலையே பிடித்து முறுக்கினான். பெல்ட் போயிற்று. முனீருடைய முழங்காலும் அன்றோடு போயிற்று.

குப்புறக் கிடந்த முனீருக்குத் தெரிந்தது, தன் கையில் பட்ட ஒரு தொடுதல் மட்டுமே. நல்ல பிடியில் இருந்தவன், நடக்க முடியாதவனை எதற்காக உள்ளே இழுத்துவிட்டான்? முதல் நாள் நாகல் நகர் டீக்கடையில் பொள்ளாச்சிக்காரர்களோடு சடையாண்டி பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பார்த்தவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் சடையாண்டி முனீர் வீட்டுக்குப் போனார். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாருக்கு வாக்குக் குடுத்தே, மாப்ள?"

சடையாண்டி வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் பேச்சில்லை. முனீர் தோல் ஷாப்பை விட்டுச் சைக்கிள் கடை வைத்தார். அந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காகச் சடையாண்டி தலைச்சுமையோடு அரை மைல் சுற்றிப் போவார். பெல்ட் ஈரோடு, கரூர் என்று அலைந்துவிட்டு அறுபத்திரண்டில் யார் வீட்டுப் பரணிலோ ஏறியது. மூவர் குஸ்தியும் நின்றுபோயிற்று.

போன மாதம் ஒருநாள் கண்ணுசாமி மார்க்கெட்டுக்கு ஓடி வந்தார். மொக்கைச்சாமி மறுபடியும் மூவர் குஸ்தி நடத்தப் போகிறாராம். பெல்ட்டைத் தேடிப் பிடித்துவிட்டாராம். தொடக்க நாளில் உள்ளூர்ச் சாம்பியன்களுக்கு அதைக் கட்டிக் கௌரவிக்கப் போகிறாராம். "மூணு பேரும் வந்தாத்தான்லே கட்ட முடியும். நான் முனீருகிட்டச் சொல்லிட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்" என்றார்.

அன்றிலிருந்து சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பத்து இட்லி சாப்பிடுகிறவர் நாலில் எழுந்துவிட்டார். "பெல்ட்டு கெடக்கட்டும் சிவனம்மா. அவன் வந்து நின்னாப் போதும்" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மாள் தம்பி நிக்காவுக்கு மாலை சொல்ல வந்தாள். "காலு வருது தாயி" என்று வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் சடையாண்டி அண்ணனா? நான் முனீரு வூட்டுக்காரி, ரம்ஜான் பீவி. நீங்க பேச்சு விட்டப்புறம் கட்டிக்கிட்டு வந்தவ."

சடையாண்டி கூடையை இறக்கி வைத்தார். இறக்காவிட்டால் விழுந்திருக்கும்.

"எங்க மனுசரை எதுக்குண்ணே வித்தீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிப்பது போலக் கேட்டாள்.

"விக்கலை தங்கச்சி." எட்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது. "அவன் கையில என் காலு பட்டுருச்சு. தொட்டுக் கும்பிட்டேன். அதைப் போயி கை மாத்துன்னு விசில் ஊதிட்டாக."

ரம்ஜான் பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று துப்பட்டிக்குள் தெரியவில்லை. "அம்புட்டுத்தானா? இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் தாயி போனேன். என்னையப் பாத்து, யாருக்கு வாக்குக் குடுத்தேன்னு கேட்டுட்டான். என் மாப்ளயே கேட்டப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

"நல்லா இருக்கு உங்க ரோசம்! ஒருத்தரு கேட்டுட்டு மொறைச்சுக்கிட்டு இருக்காரு, ஒருத்தரு கேட்டுட்டாகன்னு மொறைச்சுக்கிட்டு இருக்கீக. நடுவுல எட்டு வருசம் யாருக்கு நட்டம்?" என்று சொல்லிவிட்டு, மாலை சொல்ல வந்ததையே மறந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளும் வரவில்லை, முனீரிடமிருந்து தகவலும் வரவில்லை.

விழா நாள். சாயங்கால வெயில் மலைமேல் இன்னும் மிச்சமிருந்தது. கோதாவில் கண்ணுசாமியும் சடையாண்டியும் நின்றார்கள். அவர்கள் காலடியில் பெல்ட் சுருண்டு கிடந்தது. ஒலிபெருக்கியில் முனீர் பேரை இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று. மூன்றாவது தரம் கூப்பிடுவதற்குள் கூட்டம் விலகியது. இடது காலை இழுத்து இழுத்து முனீர் வந்தார். சலவைச் சட்டை, தலையில் தொப்பி, முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

கோதா மார்பளவு உயரம். அந்த முழங்காலோடு ஏற முடியாது. கண்ணுசாமி ஓடிப்போய்க் கையை நீட்டினார். முனீர் அதைப் புறங்கையால் தள்ளிவிட்டு, நாலு அடி தள்ளி நின்றவரை அண்ணாந்து பார்த்தார்.

"எம்புட்டு நேரம்டா கீழேயே நிக்கிறது? கை மாத்து, மாப்ள."

சடையாண்டி அந்தப் பலகையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்து, கயிற்றுக்குக் கீழே இரண்டு கைகளையும் நீட்டினார்.