யாரையும் கேட்காத பெட்டி

கள்ளக்குறிச்சியில் எந்தக் கடை வாசலில் கேமரா தொங்கினாலும் அதை மாட்டியது அன்சர்தானா என்று கேட்டால், அவன் ஆமாம் என்றுதான் சொல்வான். பாதிக்கு மேல் பொய். ஆனாலும் சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட ஆள், மனைவி ருக்ஷானாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கித் தருவதாக இரண்டு வருஷம் போக்குக் காட்டிவிட்டு, ஒருநாள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். இதுக்குப் பேர் சர்வர், வீட்டு வீடியோ எல்லாம் இதில் கிடக்கும், டிவியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம் என்றான். ருக்ஷானா அழுக்குத் துணியை வாரிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டாள்.

ஆறு மாதமாயிற்று, ஒரு வீடியோ முழுசாக ஓடியதா என்றால் அதுவும் இல்லை. யார் கேட்டாலும் தலையைச் சொறிந்து, இதோ வந்துவிடும், ஐந்தே நிமிஷம் என்பான். இந்த லட்சணத்தில் ருக்ஷானாவின் தங்கை நிக்காஹ் வீடியோ வந்து சேர்ந்தது. அதைப் பெரிய டிவியில் பார்க்க அவள் அம்மா மெகருன்னிசா சங்கராபுரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவதாகச் சேதி. அன்றைக்கு ருக்ஷானா தீர்ப்பு சொன்னாள்.

"ஒரே ஒரு வாட்டி நின்னாலும் சரி, திங்கக்கெழம பொட்டிய பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுருவேன்."

அன்சர் அன்றைக்கே வேலையில் இறங்கினான். அந்தப் பெட்டி மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை.

பெட்டியிலிருந்து டிவிக்கு வீடியோ போக வழிகள் பல உண்டு. முதலில் அவன் வைத்திருந்தது எஸ்எம்பி என்ற வழி. அது பேர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், எல்லாம் கொடுத்த பிறகும் அந்தப் பழைய டிவியில் திக்கித் திக்கி ஓடும். அடுத்து என்எப்எஸ். நன்றாகவே ஓடியது. ஆனால் அது டிவியை அடையாளம் கண்டுகொள்வது ஓர் எண்ணை வைத்து. கரண்ட் போய் வந்தால் மோடம் அந்த எண்ணை மாற்றிக் கொடுத்துவிடும், பெட்டியும் நீ யாரோ என்று கையை விரித்துவிடும். எண்ணை மாறாமல் நிறுத்தி வைக்க அன்சருக்குத் தெரியாதா? தெரியும். மோடம் இருப்பதோ அண்ணன் பஷீர் அகமது வீட்டில். பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்துக்கொண்ட அண்ணன் தம்பி, இண்டர்நெட்டை மட்டும் பிரிக்கவில்லை. ஒரே லைன், இரண்டு வீடு. மோடத்தைத் தொட்டால் அண்ணனுக்குக் கெட்ட கோபம் வரும்.

கடைசியில் டிஎல்என்ஏ என்ற வழிக்கு வந்தான். கடவுச்சொல்லும் இல்லை, எண்ணும் இல்லை. டிவியைப் போட்டதும் "அன்சர் வீடு" என்று தானாக வந்து நிற்கும். சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தான், ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கரண்ட் போனாலும் தாங்குவதற்கு ஒரு யுபிஎஸ்ஸையும் தன் கேமரா கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டினான். நிக்காஹ் வீடியோ இருந்த ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டச் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் மொத்த டிஸ்க்கையும் திறந்துவிட்டான், புத்திசாலி.

ஞாயிறு மதியம் பிரியாணி ஆனதும் மெகருன்னிசா டிவிக்கு முன் அமர்ந்தார். நிக்காஹ் வீடியோ அருமையாக ஓடியது. அன்சர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டில் சிரிப்புச் சத்தம். சிரிப்புக்கு நடுவே ஒரு குரல்: "எங்க சங்கராபுரத்துல டீ இப்டியா போடுவாங்க?"

மெகருன்னிசா பேசுவது மாதிரியே இருந்தது. ஆனால் அவர் இங்கே வாயைத் திறக்கவே இல்லை.

அன்சருக்கு உயிர் போய்விட்டது. போன மாதம் ஒரு கேமராவில் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, ருக்ஷானாவின் துப்பட்டாவைத் தலையில் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மாமியார் மாதிரியே பதினொரு நிமிஷம் பேசி நடித்திருந்தான். அழிக்க மனசு வராமல் அதையும் பெட்டியில் போட்டு வைத்திருந்தான், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. ஒரே லைன் என்பதால் "அன்சர் வீடு" அண்ணன் டிவியிலும் போய் நின்றிருக்கிறது. பஷீர் அகமது சும்மா இருப்பாரா, ரிமோட்டை அழுத்திவிட்டார்.

மெகருன்னிசா எழுந்து பக்கத்து வீட்டுக்கு நடந்தார், ருக்ஷானா பின்னாலேயே. அன்சர் பாய்ந்துபோய்ப் பெட்டிக்குப் போகும் கரண்ட் சுவிட்சை அணைத்தான். யுபிஎஸ் கீச்சென்று கத்தியதே தவிர, பெட்டி பாட்டுக்கு ஓடியது. இங்கே ஓடி, அங்கே ஓடி, அண்ணன் வீட்டுக்குப் போனால், மெகருன்னிசா நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஷீர் அகமது டிவியை அணைக்கப் போனார்.

"வுடுங்க. முழுசா பாக்கணும்."

அந்த வாரம் முழுக்க நிற்கக் கூடாது நிற்கக் கூடாது என்று துவா கேட்டவன், இப்போது நின்று தொலையக் கூடாதா என்று கேட்டான். நிற்கவில்லை. பதினொரு நிமிஷமும் தண்ணீராக ஓடியது. ஒரு வாட்டிகூட நிக்கலியே என்று ருக்ஷானா முணுமுணுத்தாள். மெச்சுகிறாளா, கறுவுகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

வீடியோ முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. மெகருன்னிசா எழுந்தார். மகளைப் பார்த்துச் செல்லை எடுத்துப் படம் பிடிக்கச் சொன்னார். பிறகு ரிமோட்டைக் கையில் வாங்கி, கண்ணை இடுக்கி டிவியைப் பார்த்து, தலையைப் பரக் பரக்கென்று சொறிந்து, "தோ வந்துரும் மாமி, அஞ்சே நிமிசம் மாமி" என்று அன்சர் குரலில் இழுத்தார். பஷீர் அகமது வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ருக்ஷானா சிரித்த சிரிப்பில் செல்லே ஆடியது.

"இதையும் அந்தப் பொட்டில ஏத்துங்க மாப்ள," என்றார் மெகருன்னிசா. "சங்கராபுரத்துல எங்க வூட்லயும் தெரியறாப்ல பண்ணுங்க."

அன்சர் தலையைச் சொறிந்தான். "அவ்ளோ தூரம்னா கடவுச்சொல் ஒண்ணு போட்டாவணும் மாமி."

"அதெல்லாம் எதுக்குங்க? தெருவே பாக்கட்டும்."