விரலை வைத்தால் வரும் முகம்

வலது கை உறையை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் இரண்டு தரம் ஊதி, நீல மேலங்கியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, சுவரில் இருக்கும் வருகைப்பதிவு மெஷினின் கண்ணாடிமேல் வைக்கிறார் கிளவுஸ் அக்கா. பின்னால் யாராவது வந்துவிட்டால் கை தெரியாதபடி உடம்பைச் சற்றே திருப்பிக்கொள்வார். மெஷின் கொஞ்சம் யோசிக்கும். பிறகு ஒரு பெண்குரல் "நன்றி" என்று சொல்லும். சின்னத் திரையில் ஒரு முகம் வரும்.

அந்த முகம் அக்காவுடையது அல்ல. "வந்துட்டேன்க்கா" என்று அதனிடம் சொல்லிவிட்டு உறையை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரி எங்களுடையது. நான் அலுவலகத்தில் வருகைக் கணக்குப் பார்ப்பவன். எங்கள் அறைக்கு ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். துணி மடிக்கும் கூடம் முழுக்கத் தெரியும். அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பதைப் போல் அலுப்புத் தீர்க்கும் விஷயம் உலகத்தில் வேறில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அக்காவைத் தெரிந்துகொண்டேன்.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி கையிலிருக்கும் மூலையை இன்னொருத்தி கையில் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் விரலோடு விரல் படும். அக்காவோடு ஜோடி சேர்ந்தவர்கள் கடைசி அடியை எடுத்து வைக்காமல் நின்றுவிடுவார்கள். மூலையை எறியாத குறையாக விட்டுவிடுவார்கள். யாரும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அக்கா ஜோடியை விட்டுவிட்டார். கூடத்தின் கோடியில், சுவரில் யாரோ எப்போதோ அடித்துவைத்த கொக்கி ஒன்று இருந்தது. விரிப்பின் ஒரு ஓரத்தை அதில் மாட்டி, மறு ஓரத்தோடு பின்னால் நடந்து, நடு மடிப்பைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தனியாகவே மடிக்கிறார். கொக்கி அவருக்குக் கொஞ்சம் உயரம். ஒவ்வொரு விரிப்புக்கும் நுனிக்காலில் எக்கி நிற்பார். இதில் நேரம் கூடுதலாகிறது. சாப்பாட்டு நேரத்தைக் குறைத்து ஈடுகட்டுகிறார்.

உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் சொரியாசிஸ். சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உரியும். வெடிக்கும். சில மாதம் அடங்கிக் கிடக்கும். 'போய்விட்டது போலிருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னால் மறுவாரமே வந்து நிற்கும். அதனால் அக்கா சொல்லுவதில்லை. சுற்றி இருப்பவர்களோ ஆளாளுக்கு வைத்தியர். "வெந்நீர்ல குளிக்காதங்கறா ஒருத்தி. பச்சத் தண்ணியே ஆகாதுங்கறா இன்னொருத்தி. ரெண்டு பேரு சொல்றதயும் கேட்டா நான் குளிக்கவே கூடாது தம்பி!" என்று சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு, "தொத்தாதுன்னு டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு. அத நெத்தியிலயா ஒட்டிக்க முடியும்?" என்பார்.

இருப்பது தங்கை வீட்டில். தங்கை நல்லவர், அக்காவின் துண்டைத் தனிக்கொடியில் காயப்போடுகிறார், அவ்வளவுதான். தங்கை கணவர் அதைவிட நல்லவர். அக்கா எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கி வழி விடுகிறார். "யாரும் ஒண்ணும் சொல்றதில்ல தம்பி. அதுதான் கஷ்டமே. ஏதாவது சொன்னா பதிலாவது சொல்லலாம்ல?"

மெஷினுக்கு வருகிறேன். முதலில் அதுவும் அக்காவை ஏற்றுக்கொள்ளவில்லை. விரலில் ரேகை இருந்தால்தானே? தினமும் காலையில் "மறுபடி முயலவும், மறுபடி முயலவும்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தும். பின்னால் வரிசை நெளியும். கடைசியில் வாட்ச்மேன் சலித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார். ஒருநாள் யாரும் எதிர்பாராமல் அது "நன்றி" என்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். திரையில் நீளமான ஒரு பெண் முகம். படம் பிடித்த நொடியில் இமைத்துவிட்டார் போலிருக்கிறது, இரண்டு கண்களும் மூடியிருந்தன. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் உயிரோடு இருப்பவரின் படமாகத் தெரியவில்லை.

"ஐயையோ, இது முன்னாடி இங்க வேல பாத்த நெட்டைக்கா ஆச்சே! அவங்க போய்ச் சேந்துட்டதால்ல சொன்னாங்க?" என்றார் வாட்ச்மேன்.

அது போதாதா? மதியத்துக்குள் செய்திக்குக் கண், காது, மூக்கு வைத்துவிட்டார்கள். நெட்டைக்கா டிரையர் பக்கத்தில் நின்றபடியே செத்தார் என்றாள் ஒருத்தி. இல்லை, வீட்டில் தனியாகக் கிடந்து செத்தார் என்றாள் வேறொருத்தி. "செத்தவ விரலு இவளுக்கு வந்துடுச்சு" என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அதுவரை அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றவர்கள் இரண்டு முழம் தள்ளிப் போனார்கள்.

பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். உரிந்துபோன விரல்கள் இரண்டு, ஒன்று பழைய பதிவில் இருப்பது, ஒன்று அக்காவுடையது. இரண்டிலும் மெஷினுக்குக் கிடைத்தது மங்கலான நாலைந்து கோடுகள்தான். அதை வைத்துக்கொண்டு இவர்தான் அவர் என்று முடிவு கட்டிவிட்டது. வேலையை விட்டு நின்றுபோனவரின் பதிவை நீக்காமல் வைத்திருந்தது எங்கள் அலுவலகத்தின் புகழ்பெற்ற சோம்பல். "அப்ப அந்தம்மாவுக்கும் இதே தொந்தரவு இருந்திருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதை அக்காவிடம் சொன்னேன். "அவங்களுக்குமா?" என்றார். சற்றுப் பொறுத்து, நான் சொன்னதே காதில் விழாதவர் போல மறுபடியும், "அவங்களுக்குமா தம்பி?" என்றார். மறுநாளிலிருந்து அந்த முகத்தோடு பேச ஆரம்பித்தார்.

மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடுவார். நடைபாதையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். தலைக்கு மேலே நீராவிக் குழாய் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். "நன்றி" என்னும் மெஷின். கண்மூடிய முகம் தோன்றும். "நேத்து தங்கச்சியோட சின்னவ என் மடியில வந்து உக்காந்தாக்கா. அவ அம்மா வேற வேல இருக்குன்னு கூப்பிட்டுக்கிட்டா." முகம் சில நொடிகளில் மறைந்துவிடும். அக்கா திரும்பவும் விரலை வைப்பார். "நன்றி." "வெடிப்புல சோப்புத் தண்ணி பட்டா உசிரு போவுதுக்கா. உங்களுக்கும் அப்படித்தான இருந்திருக்கும்?" பேச்சு முடியாவிட்டால் இன்னொரு தரம். அலுவலகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குக் கழுத்தின் பின்புறம் சில்லிட்டுப் போகும். பேயில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. என்றைக்காவது ஒரு காலையில் அந்தக் கண்கள் திறந்துவிடுமோ என்று நான் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அக்கா நன்றாக இருந்தார். மடிக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். சாப்பிட உட்கார்ந்தால் முழுதாகச் சாப்பிட்டார். மனிதர்கள் தராததை ஒரு மெஷினின் பிழை தந்துகொண்டிருந்தது. எனக்கு அது சந்தோஷம்தான்; திரைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அப்போதுதான் மேனேஜர் புது மெஷின் வாங்கினார். முகத்தைப் பார்த்துக் கதவு திறக்குமாம். பழையதைக் கழற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும்படி எனக்கு உத்தரவு. சேதி பரவி, அக்கா முதல் தடவையாக என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அழிச்சிடுவியா தம்பி?"

"படத்தை வேணா போன்ல எடுத்துத் தரேன்க்கா."

"படத்த வச்சு என்ன பண்றது? அது 'நன்றி'ன்னு சொல்லுமா?" சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "அவங்க இருக்காங்களா இல்லையான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லு. இல்லன்னா இல்லன்னே சொல்லிடு. அதுக்கப்புறம் நான் யாருகிட்டப் பேசறதுன்னு எனக்குத் தெரியல."

பழைய பதிவில் ஒரு முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. கூப்பிட்டேன். எடுத்தார்கள், ஆனால் பேசவில்லை. காய்ந்த எதன்மேலோ எதுவோ உரசும் சத்தம் மட்டும் சன்னமாகக் கேட்டது. லாண்டரியிலிருந்து பேசுகிறேன் என்றதும் தொடர்பு அறுந்தது. பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. அக்காவிடம் சொன்னதும், "அப்ப நேர்லயே போயிடுவோம். நீயும் வா தம்பி, எனக்கு பயமா இருக்கு" என்றார். என்னைத் துணைக்குக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். என் தைரியத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

விடுமுறை நாளின் பிற்பகல் போனோம். பழைய அடுக்குமாடிக் கட்டடம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, படிக்கட்டில் அந்தி நேரத்து இருட்டு. கீழ் வீட்டுக்காரம்மா நாங்கள் சொன்ன கதவு எண்ணைக் கேட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த வீட்டுக்கா? ஆளு வெளிய வந்து நான் பாத்ததில்லையே. தண்ணி விழுற சத்தம் மட்டும் கேக்கும்." படியேறும்போதே அக்கா உறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். படிக்கட்டின் கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டது இருட்டுக்காக மட்டும் அல்ல.

கடைசி மாடியில் ஒரே ஒரு கதவு. வெளியே இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. மணியை அழுத்தினோம். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, காலடிச் சத்தமே கேட்காமல், மரக்கதவு ஒரு சாண் திறந்தது. இடைவெளியில் இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"யாரு?"

"நாந்தான்க்கா" என்றார் கிளவுஸ் அக்கா.

'நான்தான்' என்று சொல்லச் சொந்தக்காரர்களுக்குத்தான் உரிமை உண்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னார்: "லாண்டரியில இருந்து வரேன். மடிக்கற எடத்துல இருக்கேன். என் விரல வச்சா உங்க மொகம் வருது. தெனமும் உங்க பேர்லதான் உள்ள போறேன்."

"கட்டவிரலா?"

"ஆமா."

"வலது கையி."

"ஆமாக்கா."

உள்ளே மூச்சு கனத்தது. "அந்தக் கொக்கி இன்னும் இருக்கா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் பார்த்தது பயமா, அழுகையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"நாந்தான் அடிச்சேன்" என்றது குரல். "எதிர்ல வந்து நிக்க யாருமில்லன்னு. அப்புறம் அதுவும் வேணாம்னு வீட்டோட இருந்துட்டேன். நான் செத்துட்டேன்னு சொல்லிக்கிறாங்களா?"

"ஆமாக்கா."

"சொல்லட்டும். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

"இருக்கு" என்றார் அக்கா பட்டென்று. கோபமாகவே சொன்னார். "இருக்குக்கா! தெனமும் காலையில உங்ககிட்டத்தான் பேசறேன். வீட்டுல நடந்தது, கையி எரியறது, எல்லாத்தயும் உங்ககிட்டத்தான் சொல்றேன். நாளைக்கு அத அழிக்கப்போறாங்க."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று புரிய எனக்கு நேரமாயிற்று. "அதான் காலையில டீ குடிக்கறப்பல்லாம் எனக்குப் புரையேறுதா? யாரோ நெனக்கறாங்கன்னு சொல்லுவாங்களே. நம்மள நெனக்க யாரு இருக்கான்னு தலையத் தட்டிக்கிட்டு விட்டுடுவேன்."

அக்கா விசும்பினார். விசும்பிக்கொண்டே வலது கையை மேலங்கி இல்லாத இடுப்பில் தேய்த்தார், இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"தேய்க்காத" என்றது குரல். "அழுதா அரிக்கத்தான் செய்யும். பெருவெரலுக்குக் கீழ, மேட்டுலதான?"

"ஆமா."

"சொறிஞ்சா ரத்தம் வந்துடும். அழுத்தணும். ஒருத்தரு அழுத்திவிட்டாத்தான் கேக்கும். நமக்கு நாமே அழுத்தினா கேக்காது." இருட்டிலிருந்து ஒரு கை கம்பிக்கு அருகே வந்தது. சிவந்து, வெடித்து, விளிம்புகளில் வெள்ளையாக உரிந்திருந்த கை. அதற்குப் பின்னால் முகமோ தோளோ எதுவும் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் என் சுண்டுவிரலைக்கூடக் கொடுத்திருக்கமாட்டேன். பின்வாங்கி, படிக்கட்டின் முதல் படியில் ஒரு காலை வைத்தும்விட்டேன்.

அக்கா கம்பிகளுக்கு நடுவே வலது கையை நீட்டினார். அந்த விரல்கள் அதைப் பற்றி, பெருவிரலுக்குக் கீழே ஊன்றி அழுத்தின. அக்காவின் தோள்கள் மெல்ல இறங்கின. "போதுமா?" என்று கேட்டது குரல். அக்கா கம்பியோடு ஒட்டி நின்று, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். பிறகு, தோளில் தொங்கிய பையைத் தரையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, இடது கையையும் அந்த இருட்டுக்குள் கொடுத்தார்.